சீட்டு கடைக்குப் போய்விட்டது, நோயாளி கையில் என்ன இருக்கிறது? நியூயார்க்கின் மின்-மருந்துச் சீட்டுச் சட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2016 மார்ச் 27-ஆம் தேதியிலிருந்து நியூயார்க் மாநிலத்தில் ஒரு டாக்டர் பேனாவை எடுத்துக் காகிதத்தில் மருந்து எழுதிக் கொடுத்தால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அது சட்டமீறல். போதை தரக்கூடிய வலி மாத்திரைகளுக்கு மட்டும் வந்த விதி என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரண ஆன்டிபயாடிக், பிரஷர் மாத்திரை, கண் சொட்டு மருந்து, எதுவானாலும் கம்ப்யூட்டரிலிருந்து நேராக மருந்துக்கடைக்குத்தான் போக வேண்டும். பல் மருத்துவர், கண் பரிசோதகர், மருந்தெழுத உரிமை பெற்ற நர்ஸ், மகப்பேறு செவிலியர் எல்லோருக்கும் இதே விதிதான். கால்நடை மருத்துவர்களுக்கு விலக்கு உண்டு. மீறினால் அபராதம், லைசென்ஸ் மீது நடவடிக்கை, சிறை வரைக்கும் சட்டத்தில் இடம் இருந்தது.

இதற்கு முன்பே மின்னசோட்டா மாநிலம் 2011 ஜனவரிக்குள் எல்லோரும் மின்-சீட்டுக்கு மாற வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. ஆனால் மாறாதவர்களை என்ன செய்வது என்று அதில் இல்லை. எல்லா மருந்துகளுக்கும், தண்டனையோடு, தேதி குறித்துச் சொன்ன முதல் மாநிலம் நியூயார்க். அதனால்தான் இதை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அரசு கட்டாயப்படுத்தினால் என்ன நடக்கும், எது சரியாகும், எது யார் தலையில் விடியும் என்று பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டம் தேவைதான், டாக்டரின் கையெழுத்தால் வரும் ஆபத்தையும் போலிச் சீட்டையும் அது உண்மையிலேயே குறைத்தது. ஆனால் அதை வடிவமைத்தவர்கள் காவல்துறையின் கண்ணாலும் டாக்டரின் மேஜையிலிருந்தும் மட்டுமே பார்த்தார்கள். நோயாளியின் கையில் இருந்த ஒரே ஒரு அதிகாரத்தை, அதாவது சீட்டை எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் எடுத்துப் போகும் அதிகாரத்தை, எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக எதையும் கொடுக்கவில்லை. அது ஒரு சின்ன வசதிக் குறைவு என்று விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை.

முதலில் ஒரு விளக்கம். டாக்டர் காகிதத்தில் எழுதியதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நம் ஊரில் பலர் டிஜிட்டல் சீட்டு என்கிறார்கள். நியூயார்க் சட்டம் பேசுவது அதை அல்ல. மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, எத்தனை நாள் என்பதெல்லாம் தனித்தனித் தரவாக டாக்டரின் மென்பொருளிலிருந்து மருந்துக்கடையின் மென்பொருளுக்கு நேராகப் போகிறது. இடையில் யாரும் படித்துத் திரும்ப டைப் செய்வதில்லை. பேக்ஸ் அனுப்பினாலும் அது மின்-சீட்டாகக் கணக்கில் வராது.

கையெழுத்துப் பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்காவில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஒரு வழக்கு இருக்கிறது. 1995-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஒடெஸா நகரில் இதய நோயாளி ஒருவருக்கு ஐசார்டில் என்ற மருந்தை 20 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று டாக்டர் எழுதினார். மருந்துக்கடையில் அதைப் பிளெண்டில் என்று படித்தார்கள். பிளெண்டிலின் உச்சபட்ச அளவே ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம். நோயாளி இறந்துபோனார். 1999-ல் நடுவர் குழு 4,50,000 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. டாக்டர் பாதி, மருந்தாளுநர் தரப்பு பாதி. மருந்தைத் தேர்ந்தெடுத்ததில் டாக்டர் தப்பு செய்யவில்லை, எழுத்து புரியவில்லை, அவ்வளவுதான். 2006-ல் அமெரிக்க மருத்துவக் கழகம், அதாவது தேசிய அறிவியல் அகாதமியின் மருத்துவப் பிரிவு, தடுக்கக்கூடிய மருந்துத் தவறுகளால் ஆண்டுக்குக் குறைந்தது 15 லட்சம் பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்று அறிக்கை கொடுத்து, 2010-க்குள் எல்லா மருந்துச் சீட்டும் மின்னணுவாக வேண்டும் என்று பரிந்துரைத்தது.

பரிந்துரை வந்துவிட்டது. ஆனால் மாற்றம் அவ்வளவு சுலபமாக வரவில்லை.

மத்திய அரசு முதலில் பிடித்த வழி பணம். 2003-ல் வந்த மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) சீர்திருத்தச் சட்டம், அதன் மருந்துக் காப்பீட்டுத் திட்டங்கள் மின்-சீட்டுகளை ஏற்கும்படி இருக்க வேண்டும் என்றது, டாக்டர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. 2008-ல் வந்த இன்னொரு சட்டம், மின்-சீட்டு அனுப்பும் டாக்டர்களுக்கு 2009-லிருந்து மெடிகேர் கட்டணத்தில் 2 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தது, அனுப்பாதவர்களுக்கு 2012-லிருந்து 1 சதவீதம் பிடித்தது. 2009-ல் பொருளாதார மந்தத்தின்போது வந்த ஹைடெக் சட்டம் மின்னணு மருத்துவப் பதிவேடுகளுக்கே பெரும் பணத்தை இறக்கியது. இதற்கெல்லாம் பலனும் இருந்தது. 2008 டிசம்பரில் தங்கள் மருத்துவப் பதிவு மென்பொருள் வழியாக மின்-சீட்டு அனுப்பிய அமெரிக்க டாக்டர்கள் 7 சதவீதம் பேர். 2014 ஏப்ரலில் 70 சதவீதம். ஆறு வருடத்துக்குள் இப்படி ஒரு மாற்றம் வேறு எந்த மருத்துவத் தொழில்நுட்பத்திலும் சுலபத்தில் நடப்பதில்லை.

ஆனால் இந்த வளர்ச்சியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை, அதாவது ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் மாதிரி வலி மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், கவனக்குறைவு நோய்க்கான மருந்துகள் இவற்றை, மின்-சீட்டில் அனுப்பவே 2010 வரை மத்திய போதைப்பொருள் தடுப்பு முகமை அனுமதிக்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் 1 முதல் அனுமதித்தது. அனுமதித்ததே தவிர, பல மாநிலங்களில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, ஏனென்றால் நிபந்தனைகள் அவ்வளவு கடுமை. ஆக, ஒரே நோயாளிக்கு பிரஷர் மாத்திரை கம்ப்யூட்டரில், வலி மாத்திரை காகிதத்தில் என்று இரண்டு வழியும் ஓடிக்கொண்டிருந்தது. எது மிக ஆபத்தானதோ, எதற்குத் திருட்டும் போலியும் அதிகமோ, அது மட்டும் பழைய காகிதத்திலேயே தங்கிவிட்டது.

நியூயார்க் இந்த இடத்தில்தான் நுழைகிறது, அதற்குக் காரணம் கையெழுத்து அல்ல, வலி மாத்திரை. 2012-ல் மட்டும் அமெரிக்க டாக்டர்கள் ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்துகளுக்கு 25.9 கோடி சீட்டுகள் எழுதியிருக்கிறார்கள். நாட்டில் வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டில் கொடுக்கப் போதுமான அளவு. ஒருவரே நாலு டாக்டரிடம் போய் நாலு சீட்டு வாங்கி நாலு கடையில் மருந்து எடுப்பது, சீட்டுப் புத்தகத்தைத் திருடுவது, 10 மாத்திரையை 100 ஆகத் திருத்துவது எல்லாம் வழக்கமாகிப் போயிருந்தது. 2011 ஜூன் 19 அன்று லாங் ஐலண்டின் மெட்ஃபோர்டில் ஒரு மருந்துக்கடைக்குள் வலி மாத்திரை கொள்ளையடிக்க நுழைந்தவன் அங்கே இருந்த நாலு பேரையும் சுட்டுக் கொன்றான். மருந்தாளுநர், கடையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண், மருந்து வாங்க வந்த இரண்டு பேர். அந்த மாநிலத்தையே உலுக்கிய சம்பவம். அந்த ஆண்டே மாநில அட்டர்னி ஜெனரல் எரிக் ஷ்னைடர்மன் ஐ-ஸ்டாப் என்ற மசோதாவை முன்வைத்தார். 2012 ஜூனில் இரண்டு அவைகளிலும் ஓர் எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் நிறைவேறியது, ஆகஸ்ட் 27-ல் ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோ கையெழுத்திட்டார்.

ஐ-ஸ்டாப்பில் இரண்டு முக்கியமான பாகங்கள். ஒன்று, 2013 ஆகஸ்ட் 27-லிருந்து கட்டுப்படுத்தப்பட்ட மருந்தை எழுதுவதற்கு முன் டாக்டர் மாநிலத்தின் கண்காணிப்புப் பதிவேட்டைத் திறந்து, இந்த நோயாளி சமீபத்தில் வேறு எங்கே என்ன வாங்கியிருக்கிறார் என்று பார்த்தே ஆக வேண்டும். மருந்துக்கடைகள் தாங்கள் கொடுத்ததை 24 மணி நேரத்துக்குள் பதிவேற்ற வேண்டும். இன்னொன்று மின்-சீட்டு. இது 2015 மார்ச் 27-லேயே அமலுக்கு வர வேண்டியது.

வரவில்லை. காலக்கெடுவுக்கு இரண்டு வாரம் இருந்தபோது ஒரு வருடம் தள்ளிப்போடும் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்துப் போட்டார். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. மத்திய முகமையின் நிபந்தனைகளைப் பார்த்தால் புரியும். டாக்டரின் மென்பொருள் வெளியார் தணிக்கையில் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். டாக்டர் தான் யார் என்பதை அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பிடம் நிரூபிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுப்படுத்தப்பட்ட மருந்துக்கும் கையொப்பமிடும்போது இரண்டு விதமான அடையாளம் வேண்டும்: அவருக்கு மட்டுமே தெரிந்த பாஸ்வேர்டு, அவரிடம் மட்டுமே இருக்கும் டோக்கன், அவரது கைரேகை மாதிரி உடல் அடையாளம், இந்த மூன்றில் ஏதாவது இரண்டு. அந்த டோக்கனை நர்ஸிடம் கொடுத்து “நீயே அனுப்பிடு” என்று சொல்லக்கூடாது. அப்புறம் மென்பொருளை மாநிலத்தின் போதைமருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கான டாக்டர்கள் இருக்கும் பெரிய மருத்துவமனையில் ஒவ்வொருவருக்கும் இதைச் செய்து முடிப்பதை யோசித்துப் பாருங்கள். மறுபக்கம், ஓய்வு பெறும் வயதில் தனியாக ஒரு கிளினிக் நடத்தி, வாரத்துக்குப் பத்து சீட்டு எழுதும் டாக்டருக்கு மென்பொருள் செலவே பெரும் பாரம். பல பெரிய மென்பொருள்களுக்கே 2015 தொடக்கத்தில் அந்தச் சான்றிதழ் கிடைத்திருக்கவில்லை.

என் பார்வையில் அந்த ஒரு வருட ஒத்திவைப்புதான் சட்டத்தைக் காப்பாற்றியது. தேதியை அடியோடு எடுத்துவிடாமல், “இன்னும் ஒரே ஒரு வருடம்” என்று நிறுத்தியதால் மென்பொருள் நிறுவனங்கள் ஓடின, மருத்துவமனைகள் ஓடின. தேதியே இல்லாமல் ஊக்கத்தொகை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளில் நடக்காதது, தேதியும் தண்டனையும் வந்த பிறகு நடந்தது.

விதிவிலக்குகள் ஓரளவுக்கு நியாயமாகவே இருந்தன. மின்சாரம் போனால், இணையம் போனால், மென்பொருள் முடங்கினால் காகிதம் எழுதலாம். வேறு மாநிலக் கடையில் வாங்கப் போகிறவருக்கு எழுதலாம். மின்-சீட்டுக்குக் காத்திருந்தால் மருந்து தாமதமாகி உடல்நிலை பாதிக்கும் என்றால் எழுதலாம். பணக் கஷ்டம், தொழில்நுட்ப வசதியின்மை என்று காட்டி ஒரு வருட விலக்கும் கேட்கலாம். கலந்து தயாரிக்க வேண்டிய மருந்துகள், நீண்ட குறிப்புகள் தேவைப்படும் மருந்துகள் போன்றவை மின்-சீட்டின் கட்டங்களுக்குள் அடங்காது என்பதால், அமலாகும் நேரத்தில் சுகாதார ஆணையர் பொதுவான விலக்கும் அறிவித்தார். ஆனால் ஒரு விதி மட்டும் டாக்டர்களைக் கொதிக்க வைத்தது. விதிவிலக்கில் காகிதம் எழுதும் ஒவ்வொரு முறையும் சுகாதாரத் துறைக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்றார்கள். நெட்வொர்க் முடங்கிய அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் டாக்டர் ஒவ்வொரு சீட்டுக்கும் அரசுக்குத் தகவல் எழுதிக்கொண்டு இருக்க முடியுமா? மருத்துவர் சங்கங்கள் விடாமல் எதிர்த்தன. நோயாளியின் கோப்பில் குறித்து வைத்தால் போதும் என்று பிற்பாடு மாற்றினார்கள். சட்டம் எழுதும்போதே ஒரு நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் இந்த விதியே வந்திருக்காது.

சரி, பலன் என்ன?

பதிவேட்டின் பலன் வேகமாகத் தெரிந்தது. பல டாக்டர்களிடம் சுற்றிச் சுற்றி மருந்து வாங்குவது 75 சதவீதம் குறைந்தது என்று மாநில அரசே அறிவித்தது. ஆனால் அது மின்-சீட்டு அமலாவதற்கு முன்பே வந்த கணக்கு, ஆகவே அதை மின்-சீட்டின் சாதனையாகச் சொல்லக்கூடாது. பலர் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள். திருடிய சீட்டுப் புத்தகத்துக்கு மதிப்புப் போனதுதான் மின்-சீட்டின் நேரடிப் பலன். எண்ணைத் திருத்த எதுவும் கையில் இல்லை, கையெழுத்தைப் போலியாகப் போட இடமில்லை.

தவறுகளைப் பொறுத்தவரை நியூயார்க் மாநிலத்திலேயே, சட்டம் வருவதற்கு முன், 2005 முதல் 2007 வரை சிறிய கிளினிக்குகளில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. மின்-சீட்டுக்கு மாறிய டாக்டர்களிடம் 100 சீட்டுக்கு 42.5 என்றிருந்த தவறுகள் ஒரு வருடத்தில் 6.6 ஆகக் குறைந்தன. காகிதத்திலேயே இருந்தவர்களிடம் ஏறக்குறைய மாற்றமே இல்லை. 37.3 என்றிருந்தது 38.4 ஆனது. சிறிய ஆய்வுதான், ஒவ்வொரு பக்கமும் 15 பேர், அவர்களுக்கு நல்ல பயிற்சியும் உதவியும் கிடைத்தன. ஆனாலும் வித்தியாசத்தின் அளவைப் பாருங்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். 2011-ல் வெளியான இன்னொரு ஆய்வு, மருந்துக்கடைகளுக்கு வந்த 3,850 கம்ப்யூட்டர் சீட்டுகளைப் பார்த்து 11.7 சதவீதத்தில் தவறு இருப்பதைக் கண்டது. தவறின் முகம் மாறியிருந்தது. எழுத்து புரியாத தவறு போய், பட்டியலில் மேலே இருப்பதற்குப் பதில் கீழே இருப்பதைக் கிளிக் செய்யும் தவறு வந்தது. கட்டத்தில் ஒரு நாளைக்கு ஒன்று என்றும், குறிப்பில் இரண்டு என்றும் முரணாக எழுதும் தவறு வந்தது. எத்தனை நாளுக்கு என்பதையே விட்டுவிடும் தவறும் உண்டு. புரியாத கையெழுத்தைப் பார்த்தால் மருந்தாளுநர் டாக்டருக்குப் போன் போடுவார். அழகாக அச்சிட்ட தவறான அளவைப் பார்த்தால் சந்தேகம் வருவதில்லை. அதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம்.

எச்சரிக்கைச் செய்திகளும் எதிர்பார்த்த அளவு உதவவில்லை. இரண்டு மருந்துகள் ஒத்துப்போகாது என்று மென்பொருள் காட்டும் எச்சரிக்கைகளில் டாக்டர்கள் ஏற்றுக்கொண்டது சுமார் 9 சதவீதம்தான் என்று 2009-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் பத்து எச்சரிக்கை வந்தால், உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தான பதினொன்றாவதும் அதே வேகத்தில் மூடப்படும். டாக்டர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. எதற்கு எச்சரிக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று மென்பொருள் செய்தவர்களும் அதை வாங்கிய மருத்துவமனைகளும் உட்கார்ந்து முடிவு செய்திருக்க வேண்டும்.

நிறுத்தும் வேலை இன்னும் மோசம். ஒரு மருந்தை ஆரம்பிக்க மின்-சீட்டு இருக்கிறது, நிறுத்தச் சொல்லும் மின்-செய்தி பல வருடங்கள் பெரும்பாலான இடங்களில் இயங்கவில்லை. டாக்டர் தன் கம்ப்யூட்டரில் நிறுத்திவிடுவார். கடையின் கம்ப்யூட்டரில் அந்தச் சீட்டு உயிரோடு இருக்கும், அடுத்த மாதம் தானாக மருந்து தயாராகிவிடும். டாக்டர்கள் நிறுத்திய மருந்துகளில் 1.5 சதவீதம் அதன் பிறகும் கடையில் கொடுக்கப்பட்டதாக 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, சர்க்கரை மருந்து இவற்றில் அந்த 1.5 சதவீதம் என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. “அனுப்பு” பொத்தானைக் கட்டாயமாக்கிய சட்டம் “ரத்து செய்” பொத்தானையும் சேர்த்தே கட்டாயமாக்கியிருக்க வேண்டும்.

மரணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலி மாத்திரையைக் கட்டுப்படுத்தினால் இறப்பு குறையும் என்பதுதான் மக்களிடம் சொல்லப்பட்ட நம்பிக்கை. நியூயார்க் நகரில் 2010-ல் 550-க்கும் குறைவாக இருந்த போதைமருந்து மரணங்கள் 2017-ல் 1,400-ஐத் தாண்டின. காரணம் ஹெராயினும், அதன்பின் ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டும். மாத்திரையால் வந்த பாதிப்பு சமநிலைக்கு வந்த அதே காலத்தில் ஹெராயின் பாதிப்பு ஏறிக்கொண்டே போனது. ஐ-ஸ்டாப்தான் இதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஃபென்டனில் நாடு முழுக்க வந்தது, சட்டம் இல்லாத மாநிலங்களிலும் மக்கள் இறந்தார்கள். ஆனால் ஏற்கெனவே அடிமையானவருக்குச் சீட்டை மூடினால் மட்டும் போதாது, சிகிச்சைக்கான கதவை அதே நாளில் திறக்க வேண்டும். நியூயார்க் முதல் வேலையைச் செய்த வேகத்தில் இரண்டாவதைச் செய்யவில்லை.

இப்போது நோயாளிக்கு வருகிறேன். எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி இதுதான்.

காகிதச் சீட்டு இருந்தபோது நோயாளி என்ன செய்வார்? கிளினிக்கை விட்டு வெளியே வருவார். வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் கேட்பார். அங்கே ஸ்டாக் இல்லையென்றால் அடுத்த கடை. விலை அதிகமா, இன்னொரு கடை. அமெரிக்காவில் காப்பீடு இல்லாதவருக்கு ஒரே மருந்து இரண்டு தெரு தள்ளிப் பல மடங்கு விலை வித்தியாசத்தில் இருக்கும், அதனால் இந்த அலைச்சல் ஏழைக்குப் பணம். மின்-சீட்டில் டாக்டரின் அறையில் உட்கார்ந்திருக்கும்போதே “எந்தக் கடை?” என்று கேட்டுவிடுகிறார்கள். விலை தெரியாது, ஸ்டாக் தெரியாது. ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சொன்ன கடையில் மருந்து இல்லையென்றால்? டாக்டரைக் கூப்பிட்டு, அந்தச் சீட்டை ரத்து செய்யச் சொல்லி, வேறு கடைக்குப் புதிதாக அனுப்பச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பல் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு டாக்டர் எங்கே கிடைப்பார்? சாதாரண மருந்துகளைக் கடைக்குக் கடை மாற்றிக்கொள்ள ஓரளவு வழி இருந்தது. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளில், இன்னும் கொடுக்கப்படாத மின்-சீட்டை ஒரு கடை இன்னொரு கடைக்கு அனுப்ப மத்திய விதியில் 2023 வரை தெளிவான அனுமதியே இருக்கவில்லை.

இந்த ஓட்டை 2022-ல் எல்லோருக்கும் தெரிந்துபோனது. அந்த அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆடரால் என்ற கவனக்குறைவு நோய் மருந்துக்குத் தட்டுப்பாடு என்று அறிவித்தது. பிள்ளைகளுக்கு அந்த மருந்து தேவைப்பட்ட பெற்றோர் கடை கடையாகப் போன் செய்தார்கள். போதை மருந்து வகை என்பதால் ஸ்டாக் இருக்கிறதா என்று போனில் சொல்லவே பல கடைகள் தயங்கின. ஒரு கடையில் இருக்கிறது என்று தெரிந்தால் டாக்டரைப் பிடித்து அங்கே அனுப்பச் சொல்ல வேண்டும், அது போய்ச் சேர்வதற்குள் ஸ்டாக் தீர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு சுற்றிலும் டாக்டரின் அலுவலக நேரமும் வீணானது. கையில் ஒரு காகிதம் இருந்திருந்தால் அந்த அம்மாவோ அப்பாவோ ஒரே மாலையில் நாலு கடை ஏறி இறங்கியிருப்பார்கள்.

இது தொழில்நுட்பத்தின் குறை அல்ல, வடிவமைப்பில் எடுத்த முடிவு. எஸ்டோனியா 2010 ஜனவரியில் மின்-சீட்டைக் கொண்டுவந்தபோது சீட்டு எந்தக் கடைக்கும் போகவில்லை. அது நாட்டின் மைய சேமிப்பகத்தில் போய் உட்கார்ந்தது. நோயாளி எந்தக் கடைக்குள் நுழைந்து அடையாள அட்டையைக் காட்டினாலும் அந்தக் கடை அதை எடுத்துப் பார்க்கும். ஆஸ்திரேலியா 2020-ல், கோவிட் நேரத்தில், நோயாளியின் போனுக்கு குறுஞ்செய்தியில் ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பியது. அதை எந்தக் கடையிலும் காட்டலாம். இந்த இரண்டிலும் சீட்டு நோயாளியோடு நடக்கிறது. அமெரிக்காவில் அது தபால் மாதிரி ஒரே விலாசத்துக்குப் போகிறது. ஏற்கெனவே சந்தையில் ஓடிக்கொண்டிருந்த அமைப்பை நியூயார்க் அப்படியே எடுத்துக் கட்டாயமாக்கியது. சீட்டு யாருடையது என்ற கேள்வியை யாரும் எழுப்பியதாகவே தெரியவில்லை.

அந்த அமைப்பு யாருடையது என்பதும் கவனிக்க வேண்டியது. நாட்டின் மின்-சீட்டுகளில் மிகப் பெரும்பகுதி ஷூர்ஸ்கிரிப்ட்ஸ் என்ற தனியார் வலையமைப்பு வழியாகப் போகிறது. மருந்துக்கடைகளின் அமைப்பும் மருந்துக் காப்பீட்டு இடைத்தரகர்களின் அமைப்பும் 2008-ல் இணைந்து உருவானது அது. 2019 ஏப்ரலில் மத்திய வர்த்தக ஆணையம் அதன் மீது ஏகபோக வழக்குப் போட்டது, சந்தையில் குறைந்தது 95 சதவீதம் அதன் கையில் இருப்பதாகச் சொன்னது. 2023-ல் சமரசமாக முடிந்தது. ஒரு மாநிலம் தண்டனை போட்டு எல்லோரையும் ஒரு தனியார் சாலையில் அனுப்பும்போது, அந்தச் சாலையில் என்ன சுங்கம், அது உடைந்தால் என்ன வழி என்பதைச் சட்டம் பேசியிருக்க வேண்டும். 2024 பிப்ரவரி 21-ல் சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற வேறொரு இடைநிலை நிறுவனம் சைபர் தாக்குதலில் முடங்கியபோது நாடு முழுவதும் மருந்துக்கடைகளால் காப்பீட்டுக் கணக்கைச் சரிபார்க்க முடியவில்லை, சில கடைகளுக்கு மின்-சீட்டு வருவதே நின்றது. பலர் முழு விலை கொடுத்து வாங்கினார்கள், முடியாதவர்கள் வாங்காமல் போனார்கள். காகிதத்துக்கான விதிவிலக்கு வெறும் சம்பிரதாயம் இல்லை என்று அன்று புரிந்தது.

தனியுரிமை விஷயத்தில் நியூயார்க்குக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. ஆபத்தான மருந்து வாங்குபவர்களின் பெயர்களை 1970-களிலேயே மாநில அரசு கம்ப்யூட்டரில் சேர்த்தது. எதிர்த்துப் போட்ட வழக்கில் 1977-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மாநிலத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஐ-ஸ்டாப்பின் பதிவேடு அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

நியூயார்க்குக்குப் பிறகு மற்ற மாநிலங்கள் வரிசையாக வந்தன. மெய்ன் 2017-ல், கனெக்டிகட் 2018-ல். 2018 அக்டோபரில் கையெழுத்தான மத்திய சட்டம், மெடிகேர் மருந்துக் காப்பீட்டில் வரும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை மின்-சீட்டில்தான் எழுத வேண்டும் என்றது. தேதி தள்ளித் தள்ளிப் போய், தகுதியான சீட்டுகளில் 70 சதவீதம் மின்னணுவாக இருந்தால் போதும் என்ற அளவுகோல் வந்தது. முதியோர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் எழுதப்படும் சீட்டுகளுக்கு 2028 ஜனவரி வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நியூயார்க் போல நூற்றுக்கு நூறு கேட்காமல் 70 கேட்டது எனக்குச் சரியாகவே படுகிறது. விதிவிலக்கு ஒவ்வொன்றையும் டாக்டர் நிரூபிக்கத் தேவையில்லாமல் போகிறது.

என்னைப் பொறுத்தவரை இந்த வரிசையில் உருப்படியாகப் பாடம் கற்றது கலிஃபோர்னியா. 2018-ல் நிறைவேறி 2022 ஜனவரி 1-ல் அமலான அதன் சட்டத்தில் நியூயார்க்கின் ஐ-ஸ்டாப்பில் இல்லாத ஒரு பிரிவு இருக்கிறது: மின்-சீட்டைப் பெற்ற கடை இன்னும் மருந்தைக் கொடுத்திருக்கவில்லை என்றால், நோயாளி கேட்டவுடன் அந்தச் சீட்டை அவர் சொல்லும் வேறு கடைக்கு உடனே அனுப்பிவைக்க வேண்டும். கேட்கும் உரிமை நோயாளிக்கு, அனுப்பும் கடமை கடைக்கு. மற்ற சட்டங்களுக்கு முரணாகக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு, அதனால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளில் மத்திய விதி குறுக்கே நின்றது. அந்தத் தடை 2023 ஆகஸ்ட் 28-ல்தான் விலகியது. போதைப்பொருள் தடுப்பு முகமையின் புதிய விதி, இன்னும் கொடுக்கப்படாத மின்-சீட்டை நோயாளி கேட்டால் ஒரு கடை இன்னொரு கடைக்கு அனுப்பலாம் என்று அனுமதித்தது. மின்-சீட்டுக்கு அனுமதி கொடுத்துப் பதின்மூன்று வருடம் கழித்து. அதிலும் ஒரே ஒருமுறைதான் அனுப்பலாம். இரண்டாவது கடையிலும் மருந்து இல்லையென்றால், நோயாளி மறுபடியும் டாக்டருக்குத்தான் போன் போட வேண்டும்.